பதினெட்டு போக்ஸ்

மதன்குமார் சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கி வீலைச் சுழற்றிக் காட்டினான். அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க எனக்குக் குமட்டியது.

எங்கள் வீட்டு மாப்பிள்ளை. தங்கை மாரீஸ்வரியைக் கட்டி இரண்டு வருடம் ஆகிறது. அருப்புக்கோட்டை மில்லில் சூப்பர்வைசர். போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, தானே ஒரு ரேஸ் வீல் பின்னிக்கொண்டு திருச்சுழிப் பொங்கல் பந்தயத்துக்கு வந்து நிற்கிறான்.

"வெயிட்டு நல்லாக் கொறஞ்சிருச்சு மச்சான். ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்றான்.

என்னத்தைப் பார்ப்பது.

என் வீலில் முப்பத்தாறு போக்ஸ் கம்பி. ஒவ்வொன்றும் வேறு மூன்று கம்பிகளைக் குறுக்கே தாண்டித்தான் ரிம்மைத் தொடும். பள்ளத்தில் இறங்கினால் ஒரு கம்பி வாங்கும் அடியை மற்றதெல்லாம் சேர்ந்து சுமக்கும். இதே வீலில் மூன்று பொங்கலுக்கு முதல் பரிசு வாங்கியிருக்கிறேன்.

அவனுடையதில் பதினெட்டே பதினெட்டு. வீலின் நடுவிலிருக்கும் ஹப்பில் ஒரு ஓட்டை விட்டு ஒரு ஓட்டையில் கம்பியைக் கோத்து, நேரே ரிம்முக்கு இழுத்திருந்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வரைகிற சூரியன் மாதிரி இருந்தது. வெளிநாட்டில் அதற்கென்றே செய்த ஹப்பில் அப்படிப் பின்னுகிறார்கள். இந்த அறிவுக்கொழுந்து டவுனில் வாங்கிய சாதா ஹப்பில் பின்னியிருக்கிறது.

குனிந்து ஹப்பைத் தடவினேன். நினைத்தது சரிதான். கம்பி இழுத்த இழுப்பில் ஓர் ஓட்டையிலிருந்து ஓரம் வரை மயிரிழை மாதிரி விரிசல். அடுத்த ஓட்டையிலும் ஆரம்பித்திருந்தது.

கண்மாய்க்கரை இறக்கம் வரை தாங்கும். அங்கே வேகமாகத் திரும்பும்போது வீல் மடங்கும். ஆள் முகத்தைத் தார் ரோட்டில் தேய்ப்பான்.

தேய்க்கட்டும். ஊரே பார்க்கட்டும்.

"அருமையா இருக்கு மாப்ள. இன்னைக்கு இந்த சைக்கிள எவனும் பிடிக்க முடியாது" என்றேன்.

சிரித்தான். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

மைக்கில் பெண்கள் பந்தயத்துக்குக் கூப்பிட்டார்கள். அது முடிந்துதான் எங்களுக்கு. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், மதன்குமார் தன் சைக்கிள் சீட்டை இறக்கி முறுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மாரீஸ்வரி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். முதுகில் நம்பர் குத்தியிருந்தது.

"அண்ணன் பாத்துருச்சா?"

"பாத்துட்டாக. அருமையா இருக்காம்."

அவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, அந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்துப் பெண்களுக்கு நடுவே போய் ஏறி நின்றாள். கொடியைத் தூக்கிவிட்டார்கள்.

ஓடினேன். ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்காத குறை.

"எறங்கு தாயி. ஹப்புல விரிசல் விட்டிருக்கு."

கொடி இறங்கியது. மற்றவர்கள் போய்விட்டார்கள். மாரீஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு மாதமாக விடியற்காலையில் எழுந்து மல்லாங்கிணறு ரோட்டில் ஓட்டிப் பழகினாளாம். எனக்கு அதுவும் தெரிந்திருக்கவில்லை.

மதன்குமார் வீலுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். ஹப்பைச் சுற்றி மெதுவாக விரலை ஓட்டினான். நான் தடவிய அதே இடத்தில் விரல் நின்றது.



பிறகு நிமிர்ந்து, மாரீஸ்வரிக்குக் கேட்காதபடி கேட்டான்.

"நான் ஓட்டிருந்தா பரவாயில்லையா மச்சான்?"