எஸ்தர் வராத கூட்டம்

"எஸ்தர் அக்கா எங்கே, அண்ணே?"

ஜெபக்கூட்டத்துக்கு முனிர்காவிலிருந்து பஸ் மாறி வந்திருந்த கிரேஸ் கேட்டாள். ஜெபராஜுக்குச் சுருக்கென்றது.

லக்ஷ்மிபாய் நகரில் அவருடைய குவார்ட்டர்ஸில்தான் ஞாயிறு தோறும் தமிழ்க் கூட்டம். நடத்துகிறவரும் அவர்தான். சொந்த மனைவியைக் காணோம்!

"மாடியில சுந்தரவல்லி மாமி வீட்டுக்குப் போனா. வந்திருவா."

சுந்தரவல்லியின் ஒரே மகன் அர்விந்த் போன மாதம்தான் பஸ் மோதி இறந்துபோனான். இன்று மத்தியானம் அவள் படியிறங்கி வந்து இவர் வாசலில் நின்றாள்.

"சார், போன வருஷம் உங்க பொண்ணு போனப்போ நீங்க எப்படித் தாங்கிண்டேள்? எதை நம்பி?"

ஜெபராஜ் பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் கூட்டம் இருக்கு மாமி. நாளைக்குச் சாவகாசமாப் பேசுவோமே."

"அச்சா" என்று தலையாட்டிவிட்டு அவள் திரும்பிப் போனாள்.

கூட்டத்தில் கூலர் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திப் பேசினார் ஜெபராஜ். ஆதிச் சபைக்கு அப்போஸ்தலர் எழுதிய நிருபம்தான் அன்றைய பாடம்.

"அவங்களும் நம்மளைப் போல ஊரை விட்டு வந்தவங்கதான். ரொம்பப் பாடுபட்டவங்க. அவங்களுக்கு என்ன எழுதுறார்? உன் நம்பிக்கைக்கு என்ன காரணம்னு யாராவது கேட்டா, சாந்தமாப் பதில் சொல்லத் தயாரா இருன்னு எழுதுறார். அதுதான் விசுவாச வாழ்க்கை!"

"ஆமென்" என்றார்கள் எல்லோரும்.

சுந்தரவல்லியின் முகம் ஒரு கணம் நினைவில் வந்தது. குறிப்பைப் புரட்டி அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார்.

கடைசிப் பாட்டு முடிந்தும் எஸ்தர் வரவில்லை.

'நாலு பேர் என்ன நினைப்பாங்க?' எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கோபத்தோடு மாடியேறினார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மாமியின் குரல்.

"நான் பாட்டுக்குப் புலம்பிண்டு உன்னைப் பிடிச்சு வச்சிருக்கேன். கூட்டம் முடிஞ்சே போச்சு போலிருக்கேடீ!"

"இருக்கட்டும் மாமி."

"சாரைக் கேட்டேன், நாளைக்குன்னுட்டார். நீயாவது சொல்லு. எப்படித் தாங்கினே?"



"எங்கே மாமி தாங்கினேன்? தினமும் ஷீலாவோட சட்டையை மோந்து பார்த்துட்டுதான் எழுந்திரிக்கேன். ஆனா என்னைக்காவது அவளைத் திரும்பப் பார்ப்பேன்னு நம்புதேன். அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு அடுப்பைப் பத்த வைக்கேன். நீங்க அழணும்னா அழுங்க. நான் எங்கேயும் போகலை."

உள்ளே இரண்டு பேரும் அழுதார்கள். கதவைத் தள்ளப் போன ஜெபராஜின் கை அப்படியே நின்றது. ஷீலாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு எஸ்தர் அழுது அவர் பார்த்ததே இல்லை. எவ்வளவு உறுதியான விசுவாசி என்று பிரசங்கத்தில்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"இத்தனையும் மனசுல வச்சுண்டு எப்படிடீ இருக்கே? அவர்கிட்டயாவது சொல்லி அழக் கூடாதா?"

"அவர் முன்னால அழ முடியாது மாமி" என்றாள் எஸ்தர். "எனக்கு விசுவாசமே இல்லைன்னு நினைச்சிருவார்."