கதவில் ஒரு தட்டு

ஏழு வருடச் சிகிச்சைக்குப் பிறகு தங்கிய கரு. சுகிர்தா குளியலறைக்குப் போகும்போதெல்லாம் கணவன் ஞானவேல் வெளியே நிற்பான். உள்ளாடை வெள்ளையாக இருந்தால் அவள் உள்ளிருந்து கதவை ஒருமுறை தட்டுவாள். இன்று காலை தட்டவில்லை.

"சுகி?"

"பழுப்பா பட்டிருக்குங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் திரையைத் திருப்பினார். "சிலருக்கு இப்படிப் படும்மா. அதிகமானா உடனே வாங்க. இப்ப துடிப்பைக் கேளுங்க." தையல் மெஷின் ஓடுவதுபோல அந்தச் சத்தம் அறையை நிறைத்தது. ஞானவேல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான்.

சாயங்காலம் மறுபடி குளியலறை. கடுகளவு பழுப்பு இன்னும் இருந்தது. வெளியே ஞானவேல் தொண்டையைச் செருமினான். சுகிர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் தட்டத் தொடங்கினாள், ஸ்கேன் அறையில் கேட்ட அதே வேகத்தில், கை ஓயாமல்.