குளத்துக் கள்ளனுக்குப் பொன்னாடை

“இஞ்சேரும், ஓடி வந்து பாரும்!” குளக்கட்டில் நின்று கத்தினார் வேலணைக் குளச் சங்கத் தலைவர் நடராசா. அவர் கையில் துள்ளிய திலாப்பியா உள்ளங்கையைவிடப் பெரிது.

மனைவி சிவக்கொழுந்து மூச்சிரைக்க வந்தாள்.

“மூண்டு வருசமா ஒருத்தரையும் மீன் பிடிக்க விடேல்லை. இந்த முறையும் மீன் விரலளவிலதான் நிண்டால் குளத்தை வெளியாளுக்குக் குத்தகைக்குக் குடுக்கிறதெண்டு பின்னேரம் கூட்டம் வைச்சிருக்கிறாங்கள். இனி ஏலாது! என்ரை தடை வெண்டிட்டுது!”

“அப்ப இண்டைக்கு இதையே சமைக்கட்டே?”

“சீ! குளத்து மீன் சேறு மணக்கும். எனக்கு நீர் வைக்கிற கடல் மீன், அந்த ஓராத் தீயல் காணும்.”

மீனின் அளவு பார்க்கப் போட்டிருந்த வலையை எட்டிப் பார்த்த மீன்பிடி அதிகாரி லோஜனா சிரித்தாள். “ஐயா, தடையாலதான் முந்தி வளரேல்லை. மீன் பெருகித் தீன் காணாமல் போச்சு. ஆரோ களவாய்ப் பிடிச்சுக் குறைச்சிருக்கினம். மிஞ்சினதுக்குத் தீன் கிடைச்சுக் கொழுத்திட்டுது.”

“கள்ளனோ? என்ரை குளத்திலயோ?” நடராசா முறைத்தார். கையிலிருந்த மீனை மறுபடி பார்த்ததும் முகம் மலர்ந்தது. “ஆரெண்டாலும் வரட்டும்! குளத்தைக் காப்பாத்தின கள்ளனுக்குக் கூட்டத்திலயே பொன்னாடை போர்த்துறன்!”

“இரண்டாய் வாங்குங்கோ,” என்றாள் சிவக்கொழுந்து.

“ஏன், ரெண்டு கள்ளரோ?”

“ஓம். பிடிச்சது நான். ஒரு வருசமா ஓரா எண்டு சப்புக்கொட்டித் திண்டது நீங்கள்.”