முப்பத்தொன்றாம் மேற்கோள்

கமாவுக்கும் புள்ளிக்குமாக என் கட்டுரையை ஆய்விதழ்க்காரர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆராய்ச்சியில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை போலும். இன்று மாலை ஐந்து மணிக்குள் ஏற்கப்படாவிட்டால் என் முனைவர் பட்டப் பதிவு காலாவதியாகிவிடும். ஆறு வருட உழைப்பு.

மேற்கோள் பட்டியலில் இறந்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சிறிய சிலுவைக் குறி போட வேண்டும் என்பது அவர்கள் விதி. நாற்பத்திரண்டு பேரில் மூன்று பேர் இறந்தவர்கள். மூன்று குறி போட்டேன். எண்ணிப் பார்த்தால் நான்கு இருந்தன. நான்காவது, முப்பத்தொன்றாம் மேற்கோளில், என் கணவர் பெயருக்குப் பக்கத்தில். அவருடைய பழைய ஆய்வு அது.

அவர் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

குறியை அழித்துவிட்டு அனுப்பினேன். ‘மேற்கோள் 31: பிழை’ என்று இதழின் இணையதளத்திலிருந்து உடனே திரும்பி வந்தது. குறி மறுபடி அங்கே இருந்தது. மேற்கோளையே எடுத்துவிட்டு அனுப்பினேன். அதே பதில். மேற்கோளும் குறியும் பழைய இடத்திலேயே இருந்தன. மணி நாலு ஐம்பத்தெட்டு.

“ஏங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?” என்று கத்தினேன்.

“எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். நீ மொதல்ல அதை அனுப்பித் தொலை.”

குறியோடு அனுப்பினேன்.

‘ஏற்கப்பட்டது. எல்லா விவரங்களும் சரிபார்க்கப்பட்டன.’

“வந்துடுச்சுங்க!” என்றேன்.

பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை. நானும் எழுந்து போகவில்லை.