சேலமா, கோயம்புத்தூரா?

“சேலமா, கோயம்புத்தூரா? இன்னைக்காவது சொல்லிடுங்க” என்றாள் திலகவதி.

கணவர் சுதாகர் நெய்வேலி மைன்ஸிலிருந்து ரிடயர் ஆகிவிட்டார். மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். சேலத்தில் ஒரு பிள்ளை, கோயம்புத்தூரில் ஒரு பிள்ளை.

“கோயம்புத்தூர் குளிரு எனக்கு ஆவாதே.”

“அப்ப சேலம்.”

“அங்க வெயில் தாங்க முடியாது.”

“நெய்வேலி வெயில்ல வேலை பார்த்தவர் பேசுற பேச்சா இது?”

“அவசரப்படுத்தாத. பசங்களைக் கேட்டுச் சொல்றேன்.”

“கேட்டாச்சு. உங்க இஷ்டம்னுட்டாங்க.”

சுதாகர் பேப்பரை மடித்து வைத்தார். “நீயே ஒரு ஊரைச் சொல்லிடேன்.”

“சரி, எனக்குக் கோயம்புத்தூர்.”

“அப்ப நான் சேலத்துக்குப் போவணுமா?”

திலகவதி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“வூட்டு விஷயம், பசங்க படிப்பு, அவங்க கல்யாணம், எல்லாத்தையும் நான்தான் முடிவு பண்ணேன். இனிமே தனித்தனியா இருக்கலாம்னும் நான்தான் சொன்னேன், அதுக்கும் சரின்னீங்க. நீங்க போய் இருக்கப்போற ஊரையாவது நீங்க சொல்லக் கூடாதா?”

சுதாகர் மடித்து வைத்த பேப்பரை எடுத்து மறுபடியும் மடித்தார். பிறகு, “நீ என்கூடவே இருக்கணும் திலகா” என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் தானாகச் சொன்ன முதல் முடிவு அது.

“இதைப் போன வருஷம் சொல்லியிருந்தா இருந்திருப்பேங்க” என்றாள் திலகவதி. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், சமையலறைப் பாத்திரங்களை இரண்டு பங்காகப் பிரிக்க ஆரம்பித்தாள்.