பாயவா, பின்வாங்கவா?

ஒஹாயோவில் எங்கள் வீட்டு வாசல் சரிவில், மகள் தியாவின் மூன்றுசக்கர வண்டி என்னைத் தாண்டித்தான் உருண்டது. நானோ ஒரு கையைத் தரையில் ஊன்றி, கம்பீரமாக உத்தரவுக்குக் காத்திருந்தேன். குழந்தைக்கு நெற்றியில் தையல்.

அமெரிக்கக் கால்பந்தில் நான் தற்காப்பு வரிசைக்காரன்; ஒரு கையைத் தரையில் ஊன்றித்தான் ஒவ்வொரு ஆட்டத்தையும் தொடங்குவேன். பாய்வதா, பின்வாங்குவதா என்பதைத் தலைக்கவசத்துக்குள் இருக்கும் கருவி கடைசி நொடியில் காதில் சொல்லும். எதிரணிக்குத் தெரியக்கூடாது என்பதால் எனக்கும் தெரியாது. இப்போது கவசத்தைக் கழற்றினாலும் உடம்பு அந்தக் குரலுக்கே காத்திருக்கிறது.

"சரியாகுமா?" என்று கேட்டால் அணி மருத்துவர், "சீசன் முடியட்டும், பார்க்கலாம்" என்கிறார். பயிற்சியாளர் முதுகில் தட்டுகிறார்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் மனைவி நிவேதாவிடம், "நாளைக்கு நீ வேலைக்குப் போ. பாப்பாவ நான் பாத்துக்கறேனே?" என்றேன்.

"வேணாம் அகில். இனிமே அவள உன்கூடத் தனியா விடமாட்டேன்."