ரெட்டைச் சைக்கிள்

இருபத்திரண்டு வருடமாக அவளும் கணவரும் ஓட்டியது இரண்டு பேர் மிதிக்கும் நீளச் சைக்கிள். மேடு வந்தால் முன்சீட்டிலிருந்து அவர் கத்துவார்: "நான் ஒருத்தனே இழுக்கிறேன், மிதிடி!" அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பாள்.

முழங்கால் வலிக்காக அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவள் வற்புறுத்தியதால் அவருக்கும் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள்.

"உங்க மூட்டு ரெண்டும் தேஞ்சுபோச்சும்மா. இனி சைக்கிளே கூடாது," என்றார் டாக்டர்.

"ஐயோ, அப்ப இவருக்கு?"

"சாருக்கு இருபது வயசுப் பையனோட மூட்டு. நானும் இந்த மாதிரி சைக்கிள் ஓட்டியிருக்கேன். நீங்க மிதிச்சா முன்பெடலும் தானாச் சுத்தும். அவர் காலைச் சும்மா வச்சிருந்தாலே போதும்."

அவள் திரும்பினாள். அவர் தலைகுனிந்து, சைக்கிள் குழுவுக்குப் போனில் எழுதிக்கொண்டிருந்தார்: 'பின்சீட்டு காலி. காலில் வலுவுள்ள ஆள் இருந்தால் சொல்லுங்கள்.'